கம்பையின் ரொட்டிப் பள்ளிக்கூடம்

எனக்கு அந்த வேலை ரயிலில் கிடைத்தது. இன்சீனில் ஏறி, சுற்று ரயிலின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். மிங்கலாடோன் தாண்டி ஒரு நிலையத்தில், தன்னைவிட உயரமான உலகப் படம் ஒன்றைச் சுருட்டி அணைத்துக்கொண்டு ஒரு பெண்மணி ஏற முயன்றார். படத்தின் ஒரு முனை வண்டிக்குள் வந்துவிட்டது, மறுமுனை நடைமேடையை விட்டு வர மறுத்தது. வண்டி நகரத் தொடங்கியது. நான் எழுந்து ஓடி உள்ளே வந்த முனையைப் பிடித்து இழுத்தேன். படமும் அவரும் சேர்ந்தே என் மேல் வந்து விழுந்தார்கள்.

இடுப்பில் லுங்கி போன்ற லோஞ்சி கட்டி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, யாங்கோன் பெண்கள் பேசுகிற அதே வேகத்தில் பர்மியம் பேசினார். கண்கள் மட்டும் சாம்பல் நிறம். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கி முடித்ததும் என்னிடம், "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர்றேன்."

"நல்லதாப் போச்சு. எங்கிட்ட ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. பிள்ளைங்க இனிமேதான் வரணும். கணக்கு டீச்சரும் இனிமேதான் வரணும்னு நினைச்சேன்."

கம்பை நிலையத்தில் அவர் இறங்கியபோது படத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். நான் போக வேண்டியது தங்கை வீட்டுக்கு. அன்று போகவில்லை.

நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பெரிய மாமரம் நிற்கும் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய மாடிவீடு இருந்தது. அது அவருடைய தாய்மாமனின் வீடாம். கீழே நான்கு அறைகளிலும் புது வண்ணம் அடித்திருந்தார்கள், வாசனை இன்னும் போகவில்லை. படத்தைச் சுவரில் மாட்டி முடித்த பிறகுதான் இது எந்த மாதிரிப் பள்ளி என்று கேட்டேன்.

"யூதப் பள்ளிக்கூடம்" என்றார். "காலையில வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போற பள்ளிக்கூடம். எல்லாப் பாடமும் உண்டு. கூட எங்க மொழி, எங்க பண்டிகை."

யாங்கோனில் பிறந்து வளர்ந்தவள் நான். நகரத்தின் நடுவில் யூதர்களின் ஆலயம் இருப்பது தெரியும். பேருந்தில் போகும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு யூதரோடு உட்கார்ந்து பேசியது அன்றுதான். அவருடைய முன்னோர்கள் பாக்தாத்திலிருந்து கல்கத்தா வழியாக வியாபாரத்துக்கு வந்தவர்கள். அவருடைய தந்தை படித்த யூதப் பள்ளி ஒரு காலத்தில் நகரத்தில் பெரிய பள்ளியாக இருந்திருக்கிறது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்களாம். போரின்போது குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குப் போய்விட்டன. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். பிறகு அரசாங்கம் தனியார் பள்ளிகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது அதுவும் போயிற்று. எங்கள் தமிழ்க் குடும்பங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான் என்பதால் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போர், இந்தியாவுக்குக் காட்டு வழி நடை, கல்கத்தா என்று அவர் சொல்லச் சொல்ல நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

நாடு வெளியாருக்குக் கதவைத் திறந்திருந்த வருஷங்கள் அவை. வேலைக்காக வந்த யூதக் குடும்பங்கள் சில ஊரில் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளை நம்பித்தான் பள்ளியைத் தொடங்கினார். அவர்கள் மட்டும் வந்தால் ஒரு வகுப்புகூட நிறையாது என்பதால், தந்தையின் பள்ளியைப் போலவே தெருவிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார். ஜூன் மாதம் மழையோடு பள்ளி தொடங்கியபோது, பாக்தாத் வழிப் பிள்ளைகள், வெளிநாட்டுப் பிள்ளைகள், பர்மியப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், ஒரு முஸ்லிம் டயர்க் கடைக்காரரின் இரட்டைப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் நனைந்த குடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவரை எல்லோரும் 'சயாமாஜீ' என்று கூப்பிட்டோம். பர்மியத்தில் தலைமையாசிரியைக்கு அதுதான் பெயர். நான் வெறும் சயாமா.

எபிரேய எழுத்து வலமிருந்து இடமாகப் போகும் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்ட வாரத்தில், என் கணக்கு வகுப்பில் பாதிப் பேர் எல்லாமே தலைகீழ் என்று நினைத்து, கூட்டலை இடது பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். திருத்தித் திருத்திக் கை வலித்தது. பர்மியப் பையன் ஒருவன் தன் பெயரைப் பர்மிய எழுத்திலேயே பின்னாலிருந்து எழுதிக் காட்டி, "இப்ப நானும் யூதன்" என்றான். சயாமாஜீ அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பும் நின்றுவிட்டது.

சமையலுக்கு ஆள் தேடியபோது, தன்லியினிலிருந்து தினமும் பேருந்தில் பாலம் தாண்டி வரும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணை என் தங்கை அனுப்பிவைத்தாள். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். வந்த முதல் நாள் காலையிலேயே பிள்ளைகளுக்கு மொகிங்கா செய்து வைத்துவிட்டார். யாங்கோனில் காலைச் சாப்பாடு என்றால் அந்த மீன் குழம்பு நூடுல்ஸ்தான். வாசனை தெரு முனைவரை போயிற்று. சயாமாஜீ கரண்டியால் கிளறிப் பார்த்து, வருத்தத்தோடு கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது கெளுத்தி மீனா?"

"ஆமா சயாமாஜீ. கெளுத்தி இல்லாம மொகிங்கா ஏது?"

"செதில் இல்லாத மீன் எங்களுக்கு ஆகாது. இறாலும் ஆகாது. அதனால இறால் அரைச்ச நாப்பியும் ஆகாது."

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "லேவியராகமம் படிக்கிறப்பல்லாம் இந்த மீன் சமாச்சாரத்த நான் தாண்டிப் போயிருவேன், தங்கச்சி. இப்ப அது அடுப்பங்கரையில வந்து நிக்குது பாரு."

அன்றைய மொகிங்கா முழுவதும் தெருவுக்குப் போனது. அக்கம்பக்கத்தாருக்கு அந்தப் பள்ளியின் மேல் முதல் மரியாதை வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு செதிலுள்ள கெண்டை மீனைப் போட்டு, எலுமிச்சம்புல்லும் இஞ்சியும் தட்டி, அக்கா ஒரு மொகிங்கா கண்டுபிடித்தார். இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது, இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம் வேண்டும் என்று சொன்னபோது, இறைச்சியே வேண்டாம் என்று முடிவாயிற்று. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டுச் சாப்பாடாகிவிட்டது. சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், தயிர். யாருடைய மதத்துக்கும் அதில் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டும் முருங்கைக்காயை எப்படித் தின்பது என்று தெரியாமல் முழுதாக மென்றுவிட்டு, வாயில் நாரோடு என்னைப் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர்களுடைய சனிக்கிழமை ஓய்வு நாளுக்கான ரொட்டி. மாவை மூன்று இழையாக உருட்டிச் சடை போலப் பின்னிச் சுட வேண்டும். வெளிநாட்டு அம்மாக்கள் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார்கள். எங்கள் தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குப் படம் தேவைப்படவில்லை, தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்ட கை அது. ஒருத்தி நாலுகால் பின்னலே போட்டுவிட்டாள். ரொட்டி வேகும் வாசனை வெள்ளிதோறும் நிலையம்வரை போகும். தெருவில் யாருக்கும் 'யூத' என்ற சொல் வாயில் நிற்கவில்லை. ரிக்‌ஷாக்காரர்களிடம் ரொட்டிப் பள்ளிக்கூடம் என்று சொன்னால் நேராகக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

அக்டோபர் வந்தது. மழை ஓயும் மாதம், ஆனால் முழுதாக ஓயவில்லை. சயாமாஜீ ஆசிரியர் அறையில் சொன்னார்: "கூடாரப் பண்டிகை வருது. எகிப்திலிருந்து வெளியேறின எங்க முன்னோர் வனாந்தரத்துல குடிசை போட்டு வாழ்ந்ததை நினைச்சுக் கொண்டாடறது. தோட்டத்துல ஒரு குடிசை போட்டு, ஒரு வாரம் அதுலதான் சாப்பிடணும். மூங்கிலும் ஓலையும் போதும். யாரு போடுவாங்க?"

"எனக்கு ஆள் தெரியும்" என்றேன்.

இன்சீனில் எங்கள் தெருவில் ஒரு பந்தல்கார அண்ணன் இருந்தார். கோயில் திருவிழா, கல்யாணம், சாவு எதுவானாலும் அவருடைய பந்தல்தான். அவர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "கல்யாணமா, காதுகுத்தா?" என்று கேட்டார். பண்டிகை என்றேன். "ஆகட்டும், நம்ம பள்ளிக்கூடம்னு நினைச்சுச் செஞ்சுர்றேன்" என்றார். மறுநாள் சயாமாஜீ ஏதோ அலுவலகத்துக்குப் போயிருந்தார், திரும்பப் பிற்பகலாயிற்று. அதற்குள் அண்ணனும் அவருடைய ஆட்களும் வேலையை முடித்துவிட்டார்கள். நானே அசந்துபோனேன். மூங்கில் கால்களுக்கு வெள்ளைத் துணி சுற்றி, வாசலில் இரண்டு குலைவாழை கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, மேலே தனி ஓலையை இரண்டு அடுக்காக நெருக்கி வேய்ந்திருந்தார். தனி என்பது இங்கே உப்பங்கழியில் வளரும் ஒரு பனை. கூரைக்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

சயாமாஜீ வந்தார். வாழைக் குலையைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தார். பந்தலுக்குள் போய் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அண்ணன் பெருமையோடு பர்மியத்தில் சொன்னார்: "எவ்வளவு பேஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள வராது, சயாமாஜீ."

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் அவர். "ஆனா வானம் தெரியலையே."

"வானம் எதுக்குத் தெரியணும்?"

"நட்சத்திரம் தெரியற மாதிரி கூரை இருக்கணும். அதுதான் சட்டம்."

அண்ணனுக்குப் பர்மியம் நன்றாக வரும். ஆனால் கோபம் வந்தால் தமிழ் மட்டும்தான். என்னைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, என்ன சொல்றாங்க இந்தம்மா? ஒழுகுற மாதிரி பந்தல் போடணுமா? எங்கப்பா காலத்துலேருந்து ஒழுகாம போட்டுத்தான் பேரு வாங்கியிருக்கோம்."

நான் மொழிபெயர்த்தேன். சயாமாஜீ நிதானமாகச் சொன்னார்: வீடு கட்டிப் பத்திரமாக இருக்கும்போது மனிதனுக்குக் கடவுளின் நினைவு குறைந்துவிடுகிறது. வருஷத்தில் ஒரு வாரமாவது பத்திரமில்லாத கூரைக்குக் கீழே உட்கார வேண்டும். அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணன் ஒரு மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"தத்துவம் சரிதான். ஆனா ரோட்டுல போறவனுக்குத் தத்துவம் தெரியுமா? 'இவன் போட்ட பந்தல் ஒழுகுது'ன்னு இன்சீன் பூரா சொல்லுவான். அப்புறம் என்னை எந்தக் கோயில் கூப்பிடும்?"

இதை நான் சொன்னதும் சயாமாஜீ சிரிக்கவில்லை. அது நியாயமான கவலை என்று ஒத்துக்கொண்டார். என்ன செய்தால் சரியாக இருக்கும் என்று அவரையே கேட்டார். அண்ணன், வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்றார். அப்படியே ஆயிற்று. 'இந்தப் பந்தல் வேண்டுமென்றே ஒழுகும்படி போடப்பட்டது. போட்டவர் கெட்டிக்காரர்.' தமிழில் நான் எழுதினேன், எபிரேயத்தில் சயாமாஜீ, பர்மியத்தில் பெரிய வகுப்புப் பையன் ஒருவன். கெட்டிக்காரர் என்ற சொல் அண்ணனின் யோசனை.

பிறகு ஓலையைப் பிரிக்கும் வேலை. எவ்வளவு பிரிப்பது என்று மேலே ஏணியில் இருந்த அண்ணனுக்குத் தெரியவில்லை. நிழலும் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டுமாம், வானமும் தெரிய வேண்டுமாம். சயாமாஜீ பாய்களை விரித்துப் பள்ளி முழுவதையும் பந்தலுக்குக் கீழே மல்லாக்கப் படுக்க வைத்தார். நானும் படுத்தேன். அக்காவும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து படுத்தார். அண்ணன் ஒரு ஓலையை உருவுவார். "எனக்குத் தெரியுது" என்று ஒரு மூலையிலிருந்து சத்தம் வரும். "எனக்குத் தெரியல" என்று இன்னொரு மூலை. எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு வானம் கிடைக்கும்வரை அவர் ஏணியை நகர்த்திக்கொண்டே இருந்தார். டயர்க் கடைக்காரரின் இரட்டையரில் ஒருத்தி தூங்கியே போனாள். கணக்கு வகுப்பில் ஒருநாளும் அத்தனை கவனத்தை நான் பார்த்ததில்லை.

பண்டிகை பௌர்ணமியில் தொடங்கியது. அதே பௌர்ணமிதான் பர்மியரின் தடிங்ஜுத் விளக்குத் திருநாளும். அந்தி சாய்ந்ததும் தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டு வேலியிலும் மெழுகுவத்தி வரிசை. பெற்றோர்கள் வந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பர்மிய அம்மா ஒரு தட்டு நிறைய இனிப்போடு வந்தார், பலகையைப் படித்துவிட்டுத் தன் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினார். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், பலகைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அக்கா பருப்பு சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

பந்தல் ஒழுகியது. நன்றாகவே ஒழுகியது. "சூப்பு கெட்டுப்போற அளவுக்கு மழை வந்தா வீட்டுக்குள்ள போயிரலாம், அதுக்கும் சட்டத்துல இடமிருக்கு" என்று சயாமாஜீ சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் ஓடிப்போய் நடைக்கூடத்திலிருந்து குடைகளைக் கொண்டுவந்து, தலைக்குப் பிடிக்காமல் கிண்ணங்களுக்குப் பிடித்தார்கள். ஒரு வெளிநாட்டுத் தகப்பனார், அதிகாரியோ என்னவோ, வழுக்கைத் தலையில் தண்ணீர் வழிய, பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையனின் கிண்ணத்துக்குக் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மழை விட்டபோது மேலே நிலா வந்திருந்தது. அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்ல. நல்லாத்தான் ஒழுகுது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர்தான் போட்டார். கெட்டிக்காரர் பலகையை அவரே தன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவருவார்.

பிறகு வந்த காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. நோய் வந்தது, பள்ளிகள் மூடின. அதன் பின்னாலேயே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, நாட்டில் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுக் குடும்பங்களும் பாக்தாத் வழிக் குடும்பங்கள் சிலவும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின. சிலர் பிள்ளைகளைக் கூட்டிவந்து விடைபெற்றார்கள். சிலருக்கு அதற்கும் நேரமில்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாதி நேரம் மின்சாரம் இருக்காது.

மீண்டும் கதவைத் திறந்த காலையில், வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தெருப் பிள்ளைகள். யூதப் பிள்ளை என்று ஒரே ஒருத்திதான். அவள் சயாமாஜீயின் தங்கை மகள் பெற்ற மகள். அம்மா வழியில் யூதப் பெண், அப்பா கரேன் இனத்தவர். துறுதுறுப்பான பிள்ளை. வீட்டுப்பாடம் செய்யாததற்குத் தினம் ஒரு புதுக் காரணம் கொண்டுவருவாள், அந்தக் காரணங்களுக்கு மதிப்பெண் போட்டால் வகுப்பில் அவள்தான் முதல்.

சயாமாஜீ அன்று மாலை என்னையும் அக்காவையும் உட்கார வைத்துப் பேசினார். முகம் வாடியிருந்தது. "ஒரு பிள்ளைக்காக ஒரு யூதப் பள்ளிக்கூடம்னு சொல்லிக்க முடியுமா? இந்தப் பெத்தவங்க பாவம், பாடத்துக்காக அனுப்புறாங்க. அவங்க பிள்ளைங்களை எபிரேயம் படிக்க வைக்கறது நியாயமில்லை. எல்லாத்தையும் நிறுத்திட்டு, சாதாரணப் பள்ளிக்கூடமா நடத்தலாம்னு இருக்கேன்."

அக்கா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. நான், "பெத்தவங்களையே கேட்டுரலாமே" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் வந்தார்கள். சயாமாஜீ எழுந்து நின்று, இனி பாடங்கள் மட்டும்தான், எபிரேயமும் பண்டிகைகளும் இருக்காது, யாருக்கும் அது பாரமாக வேண்டாம் என்று சொன்னார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்திருப்பார். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. முதலில் எழுந்தவர் டயர்க் கடைக்காரர்.

"சயாமாஜீ, அப்ப குடிசை போடமாட்டீங்களா?"

"இல்ல."

"எங்க பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? போன வருஷம் குடிசை இல்லைன்னு வீட்டு மாடியில என் டயரை அடுக்கி அதுங்களே ஒண்ணு கட்டிச்சுங்க. அதுவும் ஒழுகிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பர்மிய அம்மாவின் மருமகள் கையை உயர்த்தினாள். அவளுடைய மகனும் எங்களிடம் படித்தான். "வெள்ளிக்கிழமை ரொட்டி இல்லாம வாரம் எப்படி முடியும்னு எம்பையன் கேக்குறான். எனக்கும் தெரியல" என்றாள். ஒரு தமிழ்த் தகப்பனார், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், சுருக்கமாகப் பேசினார்: "எங்க கோயில் எங்களுக்கு இருக்கு, சயாமாஜீ. இங்க வந்து அது ஒண்ணும் குறையல. இங்க எம்பொண்ணு நாலு மொழி எழுதுறா. அதுல ஒண்ணை ஏன் எடுக்கணும்? நீங்க எப்பவும் போல நடத்துங்க."

சயாமாஜீ உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, திரும்பவும் கழற்றினார். பிறகு எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் பார்த்து, "டீ இருக்கா?" என்று கேட்டார். அக்கா தயாராக வைத்திருந்தார். டீயோடு மூன்று தட்டு வடையும் வந்தது. முடிவு என்னவாகும் என்று காலையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படிப் பள்ளி தொடர்ந்தது. அந்த ஒரே யூதப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நெருங்கியபோது, சயாமாஜீ ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தார். அந்த வயதில் பெண் பிள்ளை மார்க்கத்தின் கடமைகளை ஏற்கும் பெரியவளாகிறாள். அதைக் கொண்டாட, அவள் சபை முன்னால் வேதத்தை ராகத்தோடு வாசிப்பாள். நான் இதை அக்காவிடம் சொன்ன விதம் சரியில்லை போலிருக்கிறது.

"பெரிய மனுஷி ஆயிட்டாளா?" என்றார் அக்கா. "என்னைக்கு? நீ ஏன் உடனே சொல்லல? தாய்மாமன் எங்க இருக்காரு, சீர் யாரு செய்யறது?"

"அது இல்லக்கா. இது வேற. வேதம் வாசிக்கிறது."

"வாசிக்கட்டும். களி கிண்ட வேணாமா?"

விளக்கி முடிப்பதற்குள் உளுந்து ஊறப் போட்டுவிட்டார்.

முறைப்படி தோல் சுருளைத் திறந்து வாசிக்கப் பத்து யூத ஆண்கள் கூட வேண்டுமாம். யாங்கோனில் அத்தனை பேரை எங்கே தேடுவது? அதனால் அச்சுப் புத்தகத்திலிருந்து பள்ளிக் கூடத்திலேயே வாசிப்பது என்று முடிவு செய்தார்கள். தன் தந்தையின் காலத்தில் பெண்கள் வாசிப்பதே கிடையாது என்றும், தந்தை இருந்திருந்தால் முதலில் முறைத்துவிட்டுப் பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்றும் சயாமாஜீ சொன்னார். வழக்கமாக வேதம் வாசிக்கும் ஓய்வு நாளில் தொலைபேசியைத் தொடக் கூடாது. வெளிநாடு போன பழைய மாணவர்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக வேதம் வாசிக்கும் இன்னொரு நாளான வியாழனைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பிள்ளைக்கு வந்த பகுதி, கடல் பிளந்து வழிவிட்டதும் மக்கள் பாடுகிற பாட்டு. அதற்குத் தனி ராகம். மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் கடைசி வகுப்பில் சயாமாஜீ அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். தனி அறை இல்லாததால் மற்றப் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து வரைந்துகொண்டோ எழுதிக்கொண்டோ இருப்பார்கள்.

ஜனவரிக் குளிரில், நல்ல வெயிலோடு அந்தக் காலை வந்தது. கரேன் அப்பா தன் இனத்துச் சிவப்பு நெசவுச் சட்டையில் வந்தார். அம்மா நகரத்து யூதக் குடும்பங்களில் மிஞ்சியிருந்த சிலரோடு வந்தார். அன்று ஊர் சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு வயதான யூதப் பயணியும், நகரத்து ஆலயத்தில் கேள்விப்பட்டு, முதுகுப் பையோடு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் நிறுத்திவைத்த தொலைபேசியில் பழைய மாணவர்களின் முகங்கள். அங்கே அவர்களுக்கு என்ன நேரமோ, சில பேர் இரவு உடையில் இருந்தார்கள்.

பிள்ளை வெள்ளைச் சட்டையும் நீல லோஞ்சியுமாக வந்து நின்றாள். நன்றாகத்தான் தொடங்கினாள். குரல் உயர்ந்து போனது. பாட்டின் நடுவில் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போகும் இடத்தில் நின்றாள். விரல் புத்தகத்தில் அங்கும் இங்கும் அலைந்தது. கண்ணில் தண்ணீர் நின்றதால் எழுத்துத் தெரியவில்லை என்று பிறகு சொன்னாள். சயாமாஜீ எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

அதற்குள் டயர்க் கடைக்காரரின் பெண், உட்கார்ந்த இடத்திலிருந்தே, அடுத்த வரியை ராகத்தோடு எடுத்துக் கொடுத்தாள். பக்கத்திலிருந்த பர்மியப் பையனும் சேர்ந்துகொண்டான். பிறகு தமிழ்ப் பிள்ளைகள். பிறகு மொத்த வகுப்பும். ஒருவரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. வரைந்துகொண்டே, பென்சில் சீவிக்கொண்டே மாதக்கணக்கில் காதில் விழுந்தது. பிள்ளை அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். அந்த வரியின் பாதியில் அவர்களோடு சேர்ந்துகொண்டு, அடுத்த வரியில் அவர்களை முந்திக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் அவளை விட்டுவிட்டு அமைதியானார்கள். கடைசிவரை ஒரு தடங்கலும் இல்லை.

பின்னால் இருந்த பயணி என் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இங்கே யூதப் பிள்ளைகள் இவ்வளவு பேர் இருக்கிறார்களா?"

"ஒருத்திதான்" என்றேன். "மத்தவங்க கூடப் படிக்கிறவங்க."

அவர் கைக்குட்டையைத் தேடிப் பையின் எல்லா அறைகளையும் திறந்தார். நான் என்னுடையதைக் கொடுத்தேன். எனக்கும் தேவைப்பட்டதுதான், முந்தானை இருந்தது.

வாசித்து முடித்ததும் பிள்ளையின் மேல் மிட்டாய் எறிய வேண்டும், வாழ்க்கை இனிக்கட்டும் என்று. மெதுவாக எறியச் சொல்லி எல்லோருக்கும் கைநிறைய மிட்டாய் கொடுத்திருந்தோம். பிள்ளைகள் மெதுவாக எறிவார்களா? மிட்டாய் மழையில் அவள் மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். அக்கா எறிந்த ஒன்று கரேன் அப்பாவின் காதில் பட்டது. அவர் திரும்பி எறிந்தார். கொஞ்ச நேரத்தில் யார் யார்மேல் எறிகிறார்கள் என்றே தெரியவில்லை. தொலைபேசிக்குள் இருந்த முகங்கள் தங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தன. சயாமாஜீ என் இரண்டு கைகளையும் பிடித்து வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தார். எனக்கு ஆடத் தெரியாது, அவருக்கும் தெரியாது. எங்களைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டம் போட்டார்கள். பயணியும் பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து சேர்ந்தார். பிறகு எல்லோரும் உளுந்தங்களி சாப்பிட்டோம். அக்கா பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நல்லெண்ணெய் ஊற்றி, இடுப்புக்குப் பலம் என்று சொல்லி இரண்டு உருண்டை அதிகம் ஊட்டினார்.

திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் வீட்டுப்பாட நோட்டுகளைக் கேட்டேன். வழக்கம்போல அவளுடையது வரவில்லை.

"சயாமா, நான் இப்ப பெரியவ" என்றாள். "பெரியவங்களுக்கு வீட்டுப்பாடம் கிடையாதுன்னு நினைச்சேன்."

"பெரியவங்களுக்கு ரெண்டு மடங்கு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இந்த வாரம் மட்டும் சின்னவளா இருந்துக்கிறேனே."

வகுப்பு சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளைகள் சிரிக்கும்போது ஆசிரியரும் சிரித்தால் அந்த வகுப்பு அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் தோள் குலுங்கியதை அவர்கள் பார்த்துவிட்டார்கள், பின்னப் பாடம் அன்று நடக்கவில்லை.